தேர் கொடுத்தோம், ஓலை கொடுத்தோமா?

சென்ற மாதம் நம் ஊர் இலக்கிய வட்டக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் கொடைமடம் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். அவை நிறைந்திருந்தது. சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் வள்ளல்கள் எழுவரையும் வரிசைப்படுத்தும் பகுதியை அவர் விளக்கிய விதத்தில் குறைசொல்ல ஏதுமில்லை. பேகன் மயிலுக்குப் போர்வை தந்ததையும் பாரி முல்லைக்குத் தேர் தந்ததையும் அவர் குரலில் கேட்பது இன்றும் இன்பந்தான். பேச்சின் முடிவில்தான் வந்தது வினை. அவருடைய உறவினர் ஒருவர் தம் பழைய காரை ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுக்க முன்வந்தாராம். இல்லத்தார் ஆர்.சி. புத்தகம் கேட்டார்களாம். தொலைந்துவிட்டது என்றதும், "கிடைத்த பிறகு கொண்டுவாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இதைச் சொல்லிவிட்டுப் பேராசிரியர் குரலை உயர்த்தி, "முல்லைக்கொடி பாரியிடம் ஆர்.சி. புக் கேட்டதா?" என்றார். அரங்கம் அதிரக் கைதட்டியது.

நாம் கைதட்டவில்லை. எழுந்து மறுமொழி சொல்லவும் இல்லை. அவர் மூத்தவர்; நமக்கே ஒரு காலத்தில் யாப்பருங்கலக்காரிகை பாடம் சொன்னவர். தேநீர் இடைவேளையில் இன்னொருவர், "வாங்குகிற கைக்கு என்ன பத்திரம் வேண்டிக்கிடக்கிறது?" என்றபோதும் வாயடைத்தே நின்றோம். அன்று விழுங்கிய சொற்களை இங்கே எழுதித் தீர்க்கிறோம். வாசகர்கள் பொறுத்தருள்க.

முதலில் பாரியின் வழக்கையே எடுத்துக்கொள்வோம். முல்லைக்கொடி ஆவணம் கேட்கவில்லை என்பது மெய்யே. முல்லைக்கொடி அந்தத் தேரை ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகவும் இல்லை. சாலை நடுவே அதை யாரும் மறித்துச் சான்று கேட்கவில்லை. அந்தத் தேர் மோதி எவருடைய காலும் முறியவில்லை. அது பற்றிப் படர ஒரு கொழுகொம்பு வேண்டியிருந்தது; கிடைத்தது; கதை முடிந்தது. இன்னொன்றும் உண்டு. பாரி கொடுத்தது தான் ஏறிவந்த தேர். அந்தக் கணம்வரை அவனுக்குப் பயன்பட்டுக்கொண்டிருந்த தேர். அதைக் கொடுத்துவிட்டு அவன் நடந்தே ஊர் திரும்பியிருக்க வேண்டும் என்பது நம் ஊகம். வேப்பமரத்தடியில் நான்காண்டுகளாகச் சக்கரத்தில் காற்றிறங்கி நின்ற தேரை, "இடத்தை அடைக்கிறது, யாருக்காவது கொடுத்துத் தொலை" என்று வீட்டார் நச்சரித்ததன்பேரில் அவன் பறம்பு மலையிலிருந்து தள்ளிவிடவில்லை. கொடைமடம் என்ற சொல்லில் உள்ள மடம், வரையறை பாராது கொடுக்கும் பேதைமை; அது கொடுப்பவனுடைய பேதைமை. நம் காலத்தில் பேதைமையை வாங்குபவனுக்கு ஒதுக்கிவிட்டு, கொடையின் புகழை மட்டும் நாம் வைத்துக்கொள்கிறோம்.

இவ்வளவு சினம் எதற்கு என்று கேட்கலாம். நாமே அப்படி ஒரு காரைக் கொடுத்தவர் என்பதால்தான்.

நம் தந்தையார் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். 2007ஆம் ஆண்டு வங்கிக் கடனில் ஒரு வெள்ளை மாருதி 800 வாங்கினார். 2010இல் கடன் அடைந்தது. 2016 ஆவணியில் அவர் காலமானார். அதன்பிறகு கார் ஓடவில்லை. 2018 தை மாதம், அடுத்த ஊரில் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காக ஓர் அறக்கட்டளை நடத்திவரும் இல்லத்துக்கு அதைக் கொடுப்பதென முடிவாயிற்று. அப்பாவின் நினைவுநாள் இல்லையென்றாலும் பொங்கலுக்கு அடுத்த நாள் என்பதால் நல்ல நாள்தான். மெக்கானிக்கை அழைத்துப் புது பேட்டரி மாட்டி, கழுவி, மாலை போட்டு, சாவியைத் தட்டில் வைத்து அம்மா கையால் கொடுத்தோம். நிழற்படம் எடுத்துக்கொண்டோம். குழந்தைகளுக்கு ஆளுக்கொரு லட்டு. ஆர்.சி. புத்தகம் மட்டும் அகப்படவில்லை. இல்லத்தை நடத்தும் அம்மையார் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், புக்கு மட்டும்..." நாம் சொன்னோம்: "எங்கே போய்விடும், வீட்டில்தான் இருக்கும், தேடித் தருகிறோம்."

பத்து மாதங்களில் அவர் நான்கு முறை தொலைபேசியில் கேட்டார். நான்கு முறையும் "தேடுகிறோம்" என்றோம். ஒருமுறை, கல்லூரியில் நாக் குழு வருகை, அடுத்த வாரம் பேசலாம் என்று சொன்னதாகவும் நினைவு. அந்தக் காரில்தான் அவர்கள் அரிசி வாங்கிவந்தார்கள். வலிப்பு வந்த குழந்தைகளை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். காப்பீடு அப்பாவின் காலத்தோடு காலாவதியாகியிருந்தது. இல்லத்தார் தங்கள் பெயரில் காப்பீடு எடுக்கப் போனார்கள், ஆர்.சி. உங்கள் பெயரில் இல்லையே என்று மறுத்துவிட்டார்கள். இதையும் அவர் நம்மிடம் சொன்னார். நாம் அதைக் காதில் வாங்கினோமே தவிர மனத்தில் வாங்கவில்லை.

2018 கார்த்திகையில் ஒரு மழை இரவு. காய்ச்சலில் கிடந்த சிறுவனை ஏற்றிக்கொண்டு போன கார், விளக்கில்லாத மிதிவண்டியில் வந்த முதியவர் ஒருவர்மீது மோதியது. அவருக்குத் தொடையெலும்பு முறிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. மூன்றாம் நாள் காவலர் ஒருவர் நம் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்று, நம் தந்தையாரின் பெயரைச் சொல்லி, "இருக்காரா?" என்றார். அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காது சற்று மந்தம். காவலர் இன்னும் உரத்த குரலில் இரண்டாம் முறையும் கேட்டார். அதற்குமேல் அதை எழுத வேண்டாம்.

நிற்க. சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தமிழாசிரியர் எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். நாம் பட்டறிந்து படித்தது, ஆதலால் எழுதுகிறோம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில், வண்டி எவர் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர். சாவி யார் கையில், பெட்ரோல் யார் செலவில், மாலை யார் போட்டார்கள் என்பதெல்லாம் அங்கே கணக்கில் இல்லை. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கொன்றில், ஒருவர் தம் காரை விற்க, வாங்கியவர் வேறொருவருக்கு விற்க, அவரும் விற்க என்று பல கைகள் மாறியும், பதிவேட்டில் முதலாமவர் பெயரே நின்றிருந்தது. 2009இல் அந்தக் கார் விபத்துக்குள்ளாகி ஓர் உயிர் போயிற்று. பதிவேட்டில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று நீதிமன்றம் கூறியது. விபத்தில் அடிபட்டவன் கைமாறிய சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தேடி அலைய முடியாது என்பதே அதன் உட்கிடை. அது நியாயமும்கூட. விற்றவருக்கே இந்தக் கதி என்றால், இனாமாகக் கொடுத்தவருக்கு மட்டும் விலக்கு கிடைத்துவிடுமா?

சட்டம் இரக்கமற்றதும் அன்று. உரிமையாளர் இறந்தால், வண்டி எவர் கைக்கு வருகிறதோ அவர் முப்பது நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டு மூன்று மாதம்வரை அதைப் பயன்படுத்தலாம். அதற்குள் படிவம் 31 கொடுத்துத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். துக்கத்துக்கு மூன்று மாதம் தவணை. நாம் ஒன்றரை ஆண்டு சும்மா இருந்தோம். மாற்றியபின் கொடுப்பதற்குப் படிவம் 29, 30. ஆர்.சி. தொலைந்திருந்தால் காவல்துறையில் தெரிவித்துச் சான்று பெற்று, படிவம் 26 வழியாக நகல் வாங்கலாம். வங்கிக் கடன் பதிவாகியிருந்தால், கடன் அடைந்தது என்று வங்கி தரும் கடிதமும் படிவம் 35உம் வேண்டும். கடன் அடைந்த அன்றே இதைச் செய்பவர்கள் நம் நாட்டில் அரியர். நம் தந்தையாரும் செய்யவில்லை. ஆக, தமக்கே முழு உரிமையென்று ஏட்டில் இல்லாத ஒரு வண்டியைத்தான் அவர் ஒன்பதாண்டு ஓட்டினார். இறந்துபோன ஒருவரின் வண்டியைத்தான் நாம் தானம் செய்தோம்.

விபத்துக்குப் பிறகு அத்தனையும் செய்தோம். வாரிசுச் சான்றிதழ் வாங்கினோம். தங்கைகள் மூவரும் ஒப்புதல் தரவேண்டும். ஒருத்தி மஸ்கட்டில் இருக்கிறாள். கடன் கொடுத்த வங்கி 2020இல் வேறொரு வங்கியோடு இணைந்துவிட்டது. பத்தாண்டுக்கு முந்தைய கணக்கைத் தேடியெடுக்க ஏழு முறை போகவேண்டியிருந்தது. நடுவே கொரோனா. எல்லாம் முடிந்தபோது 2021 ஆடி. அதுவரை கார் காவல்நிலைய வளாகத்தில் புளியமரத்தடியில் கிடந்தது. நீதிமன்றத்தில் மனுப் போட்டு வண்டியை எடுக்கலாம்; ஆனால் மனுப் போடுபவர் வண்டிக்கு உரியவரென்று காட்டவேண்டுமே. பதிவின் பதினைந்தாண்டு 2022இல் முடியவிருந்தது. அதற்குள் தரைத்தகடு துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. கடைசியாகப் பார்த்தபோது பின் சன்னல் வழியே ஏதோ ஒரு கொடி உள்ளே புகுந்து இருக்கையில் படர்ந்திருந்தது. முல்லையன்று, கோவை என்று நினைக்கிறோம்.

அந்த முதியவரின் மருத்துவச் செலவை முதலில் ஏற்றது இல்லம். குழந்தைகளுக்குக் கழிப்பறை கட்டச் சேர்த்துவைத்திருந்த பணம். 2022இல் மக்கள் நீதிமன்றத்தில் இழப்பீடு பேசி முடிவானது. ஒரு லட்சத்து எண்பதாயிரத்தை நாம் கட்டினோம்; இல்லத்தின் பணத்தையும் தவணையில் திருப்பினோம். கழிப்பறை மூன்றாண்டு பிந்தியது. தானம் கொடுத்த நமக்குப் பண நட்டம். அதைவிடக் கூடுதலாக, தானம் வாங்கிய அவர்களுக்கு அந்த மூன்றாண்டு. நிழற்படத்தில் அம்மையாருக்குப் பின்னால் நிற்கும் சிறுமி இருவரும் அந்த மூன்றாண்டும் மழையில் கொல்லைப்புறம் போனார்கள்.

ஆர்.சி. புத்தகம் 2023இல் கிடைத்தது. அபிதான சிந்தாமணிக்குள் இருந்தது. அப்பா இறந்தபின் அந்த நூலை ஆசையாகக் கேட்டு வாங்கிவந்து நம் வீட்டு அலமாரியில் வைத்தவர் நாமே. ஏழாண்டாக அதைப் பிரிக்கவில்லை.

இப்போது பேராசிரியரின் வாதத்துக்குத் திரும்புவோம். கொடைக்கு ஆவணம் கேட்பது தமிழ் மரபுக்கு அயலானது, வெள்ளைக்காரன் கொண்டுவந்த கச்சேரிப் புத்தி என்பது அதன் உள்ளுறை. இதைத் தமிழ் படித்த ஒருவர் சொல்லலாமா? நம் மரபில் கொடையும் ஆவணமும் உடன்பிறந்தவை. ஊர் ஊராகக் கோயில் சுவர்களைப் பாருங்கள். ஒரு நந்தா விளக்குக்கு ஆடு விட்டவன்கூட, எத்தனை ஆடு, எவர் பொறுப்பில், நாளொன்றுக்கு எவ்வளவு நெய் என்று கல்லில் வெட்டிவைத்தான். நிலக்கொடை என்றால் நான்கெல்லையும் சொல்லவேண்டும். பெண்யானையை நடக்கவிட்டு எல்லை வகுத்து, கல்லும் கள்ளியும் நட்டு, ஓலை எழுதி, அதிகாரிகளும் ஊராரும் கையொப்பமிட்டு, அதன்பின்பே அது செம்பில் ஏறியது.

லெய்டன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டதால் அப்பெயர் பெற்ற பெரிய செப்பேட்டை எண்ணிப்பாருங்கள். இருபத்தோரு இதழ்கள். நாகப்பட்டினத்தில் கடாரத்து மன்னன் பெயரால் எழுந்த சூளாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை முதலாம் இராசராசன் வாய்மொழியாக ஈந்தான். அவனுக்குப் பின் அரியணை ஏறிய மகன் இராசேந்திரன், தந்தை சொன்ன கொடையை நிலைபெறச் செய்யச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தான். பேரரசனின் வாய்ச்சொல் போதாதா? அவனை எதிர்த்து யார் கேட்டிருக்க முடியும்? இருந்தும் மகன் எழுதிக் கொடுத்தான். ஏனென்றால், கொடுத்தவன் போனபின்னும் வாங்கியவன் இருக்கவேண்டும். அப்போது அவனுக்குக் கையில் ஏதாவது இருக்கவேண்டும். தந்தையின் கொடையை மகன் ஏட்டில் ஏற்றுவதற்குச் சோழர் குலத்தில் முன்மாதிரி இருக்க, அந்தச் செப்பேட்டை ஆண்டுதோறும் முதுகலை மாணவர்க்குப் பாடம் நடத்தும் நமக்கு, ஒரு படிவத்தை நிரப்ப நேரமில்லாமல் போயிற்று.

இன்னொரு சான்றும் பேராசிரியர் நன்கறிந்ததே. பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட கதை. புத்தூரில் மணப்பந்தலில் கிழவேதியர் வந்து, "நீ என் அடிமை" என்று ஓலை காட்டுகிறார். மணமகன் அதைப் பறித்துக் கிழித்துப் போடுகிறான். கிழவர் அசரவில்லை. கிழிந்தது படியோலை, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார். அங்கே அவையோர் அதை வாங்கி, பாட்டனாரின் வேறொரு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்கிறார்கள். ஆண்டவனே வந்து கேட்டாலும் ஆவணத்தைப் பார்க்காமல் அவை ஒப்பவில்லை; அவனும் அதை அவமதிப்பாகக் கொள்ளவில்லை. நகலும் மூலமும் தனித்தனியே வைத்திருந்தான் என்பதையும் கவனிக்க. காரை முதியோர் இல்லத்துக்குக் கொடுக்க வந்த உறவினருக்கு மட்டும் முகம் சுருங்கிவிட்டதாம்.

சாக்குகள் பல உண்டு. "அவர்கள் ஓட்டப்போவதில்லை, பழைய இரும்புக்குத்தானே போடப்போகிறார்கள்" என்பது ஒன்று. 2021இல் வந்த விதிகளின்படி பதிவுபெற்ற வாகன அழிப்பு நிலையங்கள் உரிமைச் சான்று பார்த்துத்தான் வண்டியை வாங்கவேண்டும். சான்றில்லாத வண்டியை வாங்குபவன் கள்ளச் சந்தைக்காரன். அவன் கொடுக்கும் விலை அடிமாட்டு விலை. என்ஜின் எண்ணோடு அது எங்கே போய் எந்தக் குற்றத்தில் சேரும் என்று எவராலும் சொல்லமுடியாது. "இப்போதுதான் எல்லாம் தொலைபேசியில் வந்துவிட்டதே, புத்தகம் எதற்கு" என்பது இன்னொன்று. டிஜிலாக்கரில் காட்டும் சான்று செல்லும் என்பது சரி. அந்தத் திரையில் யார் பெயர் வருகிறது என்பதல்லவா கேள்வி? செத்தவர் பெயர் கண்ணாடித் திரையில் ஒளிர்ந்தாலும் செத்தவர் பெயர்தான்.

எல்லாவற்றிலும் கொடியது, வெற்றுப் படிவத்தில் கையொப்பமிட்டுக் கொடுப்பது. 29உம் 30உம் நிரப்பாமல், கீழே மட்டும் கையெழுத்துப் போட்டு, "நீங்களே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்" என்று ஓர் உறைக்குள் வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். இதைப் பெருந்தன்மை என்றே நம்புகிறார்கள். கொடுத்தவர் பதினான்கு நாளுக்குள் தாமே அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டிய கடமையை ஓர் உறைக்குள் போட்டு ஒட்டிவிடுவதற்குப் பெருந்தன்மை என்று பெயரா?

வரிவிலக்கு ஆசையில் கொடுப்போரும் உளர். அவர்களுக்கு ஒரு செய்தி. நம் நாட்டில் அறக்கொடைக்கான வரிக்கழிவு பணமாகக் கொடுத்தால்தான். காராக, துணியாக, அரிசியாகக் கொடுப்பதற்கு இல்லை. அமெரிக்காவில் உண்டு. அங்கே பழைய காரை அறநிறுவனத்துக்குக் கொடுப்பது பெருவழக்கு. மாநில அரசு தரும் 'டைட்டில்' என்னும் உரிமைத்தாளில் கையொப்பமிட்டு வண்டியோடு கொடுக்கவேண்டும், தொலைந்திருந்தால் முதலில் நகல் வாங்கவேண்டும் என்பதே பொதுவான முறை. அங்கும் கொடைமடம் இல்லாமலில்லை. அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2003இல் 54 கார்களின் கதையைத் துருவிப் பார்த்தது. அவற்றுள் மூன்றில் இரண்டு பங்கில், கொடுத்தவர் வரிக்கணக்கில் காட்டிய மதிப்பில் நூற்றுக்கு ஐந்தோ அதற்கும் குறைவாகவோதான் அறநிறுவனத்துக்குக் கிடைத்திருந்தது. அதன்பிறகு 2004இல் சட்டத்தைத் திருத்தினார்கள். கார் உண்மையில் என்ன விலைக்கு விற்றதோ பெரும்பாலும் அந்த அளவுக்கே கழிவு என்று 2005 முதல் ஆயிற்று. தேவையற்றதைக் கொடுத்துவிட்டு அதற்கு மிகுமதிப்புப் போட்டுக்கொள்ளும் பழக்கம் எந்த ஒரு நாட்டுக்கும் தனியுரிமையன்று.

கூட்டத்தில் பேராசிரியர் குமணனைச் சொல்லாமல் விட்டது நமக்கு வியப்பாக இருந்தது. நாட்டைத் தம்பி பறித்துக்கொள்ளக் காட்டில் இருந்தவன் குமணன். பெருந்தலைச் சாத்தனார் வந்து பாடி நின்றார். ஒரு காலத்தில் தன்னுடையதாயிருந்த நாட்டில், தன் பெயரைச் சொல்லி ஓர் ஊரை வாங்கிக்கொள்ளும்படி அவன் வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கலாம். சொன்னால் புலவர் அந்த வார்த்தையோடு தம்பியின் காவலர்களிடம் போய் மாட்டிக்கொண்டிருப்பார். குமணன் அதைச் செய்யவில்லை. உரிமை இழந்ததை அவன் கொடையாக நீட்டவில்லை. அப்போது அவனிடம் ஐயத்துக்கு இடமின்றித் தன்னுடையதாக இருந்தது தன் தலை. அதற்குத் தம்பி விலை வைத்திருந்தான். வாளைக் கொடுத்தான். வாங்குபவரை எந்தச் சிக்கலிலும் மாட்டிவிடாத கொடை எது என்று அவன் ஒரு நொடியாவது எண்ணியிருக்க வேண்டும். அந்த ஒரு நொடியைத்தான் நாம் கேட்கிறோம்.

அறக்கட்டளைகள் மீதும் நமக்குக் குறை உண்டு. கேட்கக் கூசுகிறார்கள். கொடுப்பவர் மனம் நோகுமோ, அடுத்த ஆண்டு அரிசி மூட்டை நின்றுவிடுமோ என்று அஞ்சுகிறார்கள். நம்மிடம் அந்த அம்மையார் தட்டைக் கையில் வாங்காமல், "புக்கு வந்தப்புறம் வண்டிய எடுத்துக்கிறோம் சார்" என்று சொல்லியிருந்தால் அன்று நமக்குக் கோபம் வந்திருக்கும். உறுதியாக வந்திருக்கும். ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்போம். ஏதாவதொரு மேடையில் பாரியையும் இழுத்திருப்போம். பேராசிரியர் பழித்த அந்த முதியோர் இல்லத்தார், இந்தக் கூச்சத்தை எப்படியோ வென்றவர்கள். அவர்கள் எந்த ஊர் என்று கேட்டு வைத்துக்கொள்ளாமல் வந்துவிட்டோம்.

அலுவலக நடைமுறை எளிதென்று நாம் சொல்லவரவில்லை. வட்டாரப் போக்குவரத்து அலுவலக வாசலில் நின்றவர்க்கு அதன் சுவை தெரியும். உள்ளே போனால் ஒரு சன்னல் இன்னொரு சன்னலைக் காட்டும். வெளியே வந்தால் தரகர் நம் பெயரைச் சொல்லி அழைப்பார். அந்த அலைச்சல் இருக்கத்தான் செய்கிறது. கேள்வி, அதை யார் அலைவது என்பதே. இறந்தவரின் இறப்புச் சான்றிதழ் நம்மிடம். வாரிசுகள் நம் வீட்டில். வங்கிக் கணக்கு எண் நம் டைரியில். முப்பது குழந்தைகளுக்குச் சோறூட்டிக் கால்கழுவிவிடும் ஒரு பெண்மணியால் இவற்றில் எதையும் பெறமுடியாது. நாம் கல்லூரியில் விடுப்பெடுத்தாலும் ஊதியம் வரும்.

இந்த ஆண்டு தை மாதம் நம்முடைய இன்னொரு வண்டியை, ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை, அதே இல்லத்துக்குக் கொடுத்தோம். அம்மையார் இம்முறை தயங்கவில்லை. ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று மூன்றையும் வாங்கி விளக்கடியில் பிரித்துப் பார்த்தார். என்ஜின் எண்ணை முன்மூடியைத் திறந்து ஒப்பிட்டார். படிவம் 29ஐ நாம் அவர் கண்முன் நிரப்பிக் கையெழுத்திடும்வரை சாவியைத் தொடவில்லை. லட்டும் கேட்டார். மாலையை வேண்டாமென்றுவிட்டார், கண்ணாடியை மறைக்கிறதாம். பெயர் மாற்றம் பங்குனியில் முடிந்தது.